பாகப்பிரிவினை வழக்கில் வக்கீலை மாற்றுவது: கூட்டு வாரிசுகள் அறிய வேண்டியவை



பெற்றோர் விட்டுச்சென்ற வீடு, கடை, தோப்பு, நிலம் ஆகியவற்றைப் பிரித்துக்கொள்வதில் உடன்பாடு வராமல் நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. அவர்களிடமிருந்து நம் அறக்கட்டளைக்கு அடிக்கடி வரும் கேள்விகள் மூன்று. வக்கீலை நடுவில் மாற்றலாமா? மாற்றினால் வழக்கு கெட்டுப்போகுமா? எல்லோரும் சேர்ந்து வைத்த வக்கீலை, அண்ணன் சம்மதிக்காமல் நான் மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா?

சுருக்கமான பதில் இதுதான். மாற்றலாம். முறையாக மாற்றினால் வழக்கு கெடாது. உங்களுக்கான வக்கீலை மாற்ற அண்ணனின் சம்மதமோ தம்பியின் சம்மதமோ தேவையில்லை. மூன்றாவது பதில் பலருக்கு, குறிப்பாக நம் சகோதரிகளுக்கு, தெரியாமலே இருக்கிறது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

வக்கீல் யாருக்கு?

ஒருவர் வஃபாத்தானால், அடக்கச் செலவும் கடனும் போக, வஸிய்யத் இருந்தால் அதையும் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் நிறைவேற்றிய பிறகு, மீதமுள்ளது வாரிசுகளுக்குச் சேர்கிறது. மனைவிக்குக் கொடுக்கப்படாமல் நின்ற மஹரும் கடனில் அடங்கும். யாருக்கு எவ்வளவு என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்கள் வகுத்திருக்கின்றன. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின்படி நம் நாட்டு நீதிமன்றங்களும் வாரிசுரிமையில் இதையே பின்பற்றுகின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மர்ஹூமுக்கு மனைவியும், 2 மகன்களும், 2 மகள்களும் இருக்கிறார்கள். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. சொத்து 2,400 சதுர அடி மனை. மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 300 சதுர அடி. மீதி 2,100ஐ ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று ஆறு கூறாக்கினால், மகன் ஒவ்வொருவருக்கும் 700, மகள் ஒவ்வொருவருக்கும் 350. மனை இன்னும் அளந்து பிரிக்கப்படாமல் இருக்கலாம். ஆனால் 350 சதுர அடிக்குரிய பங்கு, தகப்பனார் மறைந்த அந்தக் கணத்திலேயே மகளுக்குச் சொந்தமாகிவிட்டது. யாரும் மனமிரங்கிக் கொடுப்பதல்ல அது, அவளுடைய ஹக்கு.

இந்துக் கூட்டுக் குடும்பத்தில் 'கர்த்தா' என்று ஒருவர் இருப்பார். குடும்பச் சொத்து விஷயத்தில் அவருக்குச் சட்டம் சில அதிகாரங்களைத் தருகிறது. முஸ்லிம் வாரிசுரிமையில் அப்படி ஒருவர் இல்லை. மூத்தவர் மரியாதைக்குரியவர்தான். ஆனால் தங்கையின் பங்குக்காக அவர் கையெழுத்திட வேண்டுமானால், தங்கை அவருக்கு முறைப்படி பவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

வக்காலத்தும் அப்படித்தான். ஐந்து பேர் ஒரே தாளில் கையெழுத்திட்டிருந்தாலும், வக்கீல் அந்த ஐந்து பேரில் ஒவ்வொருவருக்கும் வக்கீல். கட்டணத்தை அண்ணன் ஒருவரே கொடுத்தார் என்பதால் அவர் அண்ணனுக்கு மட்டும் வக்கீல் ஆகிவிடமாட்டார். அதனால்தான், ஒருவர் தன்னைப் பொறுத்த அளவில் வக்காலத்தை முடித்துக்கொண்டு வேறு வக்கீலை வைத்துக்கொள்ளலாம். மற்ற நால்வரும் பழைய வக்கீலிடமே தொடரலாம்.

எப்போது ஒரே வக்கீல் போதாது?

எல்லோருக்கும் கோரிக்கை ஒன்றாக இருக்கும்வரை ஒரே வக்கீல் வைப்பது செலவைக் குறைக்கும். கோரிக்கைகள் மோதத் தொடங்கினால் நிலைமை வேறு. "கடையை வாப்பா எனக்கு ஹிபா செய்துவிட்டார்" என்று ஒரு மகன் சொல்கிறார், மற்றவர்கள் மறுக்கிறார்கள். உம்மா தன் மஹர் பாக்கியை முதலில் கழிக்கச் சொல்கிறார். ஒரு சகோதரர் தன் பங்குக்கு மேலேயே வெளியாருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்ட இடங்களில் ஒரே வக்கீல் இரு பக்கமும் வாதாட முடியாது. அவர் நேர்மையானவராக இருந்தாலும் முடியாது. அப்போது தனி வக்கீல் வைத்துக்கொள்வது குடும்பத்துக்குத் துரோகம் ஆகாது.

அப்படி நீங்கள் விலகினால், உங்கள் பழைய வக்கீல் உங்களிடம் கேட்டறிந்த ரகசியங்களை வெளியிடக் கூடாது. அதே விவகாரத்தில் உங்களுக்கு எதிராகவும் தோன்றக் கூடாது. இது இந்திய பார் கவுன்சில் விதி. எனவே உங்களுக்கும் மற்ற வாரிசுகளுக்கும் நேரடியாகவே மோதல் என்றால், அவர்களும் வேறு வக்கீலைத் தேட வேண்டி வரலாம். இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

பாகப்பிரிவினை வழக்குக்கு இன்னொரு தன்மையும் உண்டு. அதில் பிரதிவாதியும் வாதியைப் போன்றவரே. அண்ணன் போட்ட வழக்கில் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டிருக்கும் தங்கை, தன் பங்குக்குரிய நீதிமன்றக் கட்டணத்தைச் செலுத்தித் தன் பங்கையும் பிரித்துத் தருமாறு அதே வழக்கில் கேட்கலாம். "நான் பிரதிவாதிதானே, எனக்கு எதற்கு வக்கீல்?" என்று இருந்துவிடக் கூடாது.

தாமதம் வக்கீலால்தானா?

மாற்ற முடிவு செய்வதற்கு முன் வழக்கின் நிலையை நீங்களே பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண் இருக்கிறது. 'ஈ-கோர்ட்ஸ்' செயலியில் அதைப் போட்டால் கடந்த வாய்தாக்கள், ஒவ்வொரு வாய்தாவும் எதற்காகத் தள்ளிவைக்கப்பட்டது, அடுத்த தேதி எது என்பவை தெரியும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துத் தருவார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாரிசுக்கு சம்மன் சார்பாகவில்லை, அளவெடுக்கப் போன வழக்கறிஞர் ஆணையரின் அறிக்கை வரவில்லை, நீதிபதி பணியிடம் காலியாக இருக்கிறது என்பன போன்ற காரணங்களால் வழக்கு நின்றிருந்தால், வக்கீலை மாற்றுவதால் ஒன்றும் வேகம் பிடிக்காது. "ஷரீஅத்படி உங்களுக்கு இவ்வளவுதான் வரும்" என்று சொன்ன வக்கீலை அதற்காக மாற்றுவதும் வீண். எந்த வக்கீல் வந்தாலும் 350 சதுர அடி 700 ஆகாது.

கீழே சொல்லப்பட்டவை இருந்தால் மாற்றுவதற்கு நியாயம் உண்டு.

1. வாய்தாவுக்கு வராததால் வழக்கு தள்ளுபடியாகியிருக்கிறது, அல்லது உங்களுக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருக்கிறது.
2. திரும்பத் திரும்பக் கேட்டும் தேதியையோ, தாக்கல் செய்த மனுவின் நகலையோ தருவதில்லை.
3. விளக்கம் சொல்லாமல் வெற்றுத்தாளிலோ சமரச மனுவிலோ கையெழுத்துக் கேட்கிறார்.
4. "வழக்கு ஜெயித்தால் சொத்தில் இத்தனை சதவீதம்" என்று பேசுகிறார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.
5. முன்பு சொன்னபடி வாரிசுகளின் கோரிக்கைகள் மோதுகின்றன.

காரணம் எதுவானாலும், முதலில் நேரில் சென்று மனம்விட்டுப் பேசுங்கள். பாதி மனத்தாங்கல்கள் பேசினாலே தீர்ந்துவிடும்.

தவறவிடக் கூடாத கெடுக்கள்

வக்கீல் மாறும் இடைவெளியில்தான் பலருக்கு நஷ்டம் வருகிறது. பழையவர் "நமக்கு இனி இல்லை" என்று விட்டுவிடுவார். புதியவர் "கட்டு இன்னும் வரவில்லை" என்று காத்திருப்பார். நீதிமன்றத்தின் கெடு யாருக்காகவும் நிற்காது.

பிரதிவாதி சம்மன் பெற்ற 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாட்கள் வரை அனுமதிக்கலாம். வராமையால் வழக்கு தள்ளுபடியானாலும், ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பிறந்தாலும், அதை நீக்கக் கோரும் மனுவுக்குக் கெடு 30 நாட்கள். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள். உயர் நீதிமன்றத்தில் 90 நாட்கள். வழக்கில் ஒரு தரப்பினர் மவுத்தாகிவிட்டால் அவருடைய வாரிசுகளை 90 நாட்களுக்குள் வழக்கில் சேர்க்க மனுச் செய்ய வேண்டும். மவுத்தானவர் கொடுத்த வக்காலத்து அவரோடு முடிந்துவிடும் என்பதால், அவருடைய வாரிசுகள் புதிதாக வக்காலத்துக் கொடுக்க வேண்டும்.

எனவே அடுத்த வாய்தா எது, அன்று என்ன நடக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் போதுமான நாட்கள் முன்னதாகவே மாற்றத்தை முடியுங்கள். சாட்சி விசாரணை நாளன்று காலையில் வக்கீலை மாற்றாதீர்கள். வக்கீல் மாறியது ஒன்றையே காரணமாக வைத்து, முடிந்துபோன சாட்சியத்தை மீண்டும் எடுக்க நீதிமன்றம் எளிதில் அனுமதிக்காது. புதிய வக்கீல் வழக்கை இருக்கும் நிலையிலிருந்துதான் எடுத்து நடத்த முடியும்.

முதல்நிலைத் தீர்ப்பாணையோடு வழக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அது பங்கு எவ்வளவு என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. எந்த மூலை யாருக்கு என்று அளந்து பிரிப்பது இறுதிநிலைத் தீர்ப்பாணையில்தான். அதுவரை வழக்கு ஒன்றே. அந்தக் கட்டத்தில் வக்கீலை மாற்றினாலும் இதே நடைமுறைதான்.

மாற்றும் முறை

வாயால் "இனி நீங்கள் வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் வக்காலத்து முடிவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்து மூலமாகவே அதை முடிக்க வேண்டும். நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, சம்மதத்தோடு மாற்றுவது. புதிய வக்கீலின் வக்காலத்தில் நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். அதில் பழைய வக்கீல் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறார். அதைத் தாக்கல் செய்தால் நீதிமன்றம் பதிவு செய்துகொள்ளும். பெரும்பாலான மாற்றங்கள் இப்படித்தான் அமைதியாக முடிகின்றன.

இரண்டாவது வழி, பழைய வக்கீல் கையெழுத்திட மறுக்கும்போது. அவர் சம்மதம் இல்லாமல் இன்னொரு வக்கீல் நேராக வந்து தோன்றக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆனால் அதே விதி, காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத் தோன்றலாம் என்றும் வழிவிடுகிறது. எனவே மறுப்பு வந்தால் சண்டை வேண்டாம். அனுமதி கோரி ஒரு மனுப் போட்டால் போதும்.

பழைய வக்கீல் காலமாகிவிட்டால் அவருடைய வக்காலத்து தானாகவே முடிந்துவிடுகிறது. புதிய வக்காலத்துத் தாக்கல் செய்தால் போதும்.

ஒருவர் மட்டும் பிரிவதாக இருந்தால், புதிய வக்காலத்தில் அவர் எத்தனையாவது வாதி அல்லது பிரதிவாதி என்பது தெளிவாக இருக்க வேண்டும். அதைக் கவனிக்காவிட்டால் எல்லோருக்கும் வக்கீல் மாறிவிட்டது போன்ற குழப்பம் வரும்.

வழக்குக் கட்டும் கணக்கும்

"பாக்கிக் கட்டணத்தைக் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன்" என்ற பேச்சு சில இடங்களில் எழுகிறது. உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், ஆர்.டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா வழக்கில், இதற்குத் தெளிவான முடிவு சொல்லியிருக்கிறது. கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. பாக்கி இருந்தால் அதை அவர் தனியாகச் சட்டப்படி கேட்டுப் பெறலாம்.

இதைத் தெரிந்துகொண்டு யாரும் கட்டணத்தை ஏமாற்ற நினைக்க வேண்டாம். உழைத்தவரின் கூலியை நிறுத்திவைப்பது நம் மார்க்கத்துக்கு உகந்ததல்ல. அவர் செய்த வேலைக்குரியதைக் கொடுத்து ரசீது பெறுங்கள். அவர் கையில் இருக்கும் தாய்ப்பத்திரம் உங்கள் அமானத்து. உங்கள் கையில் நிற்கும் கட்டணம் அவருடைய ஹக்கு. இரண்டும் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும்.

கட்டைப் பெறும்போது ஒரு பட்டியல் போட்டுச் சரிபாருங்கள்: பிராது, எதிருரை, இடைக்கால மனுக்கள், உத்தரவுகள், ஆணையர் அறிக்கை, சாட்சிய நகல்கள், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. அசல் பத்திரங்கள் வக்கீலிடம் இருக்கின்றனவா, நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருக்கின்றனவா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அசல் பத்திரம் கூட்டுச் சொத்துக்கு உரியது. ஒரு வாரிசு மட்டும் பிரியும்போது அதை எடுத்துப்போக முடியாது, நகல் எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் உள்ள எதற்கும் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் பெறலாம். பழைய கட்டு வராவிட்டாலும் வழக்கை நடத்த இது உதவும்.

வக்கீலுக்குக் கொடுக்கும் கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா, மேற்படி வழக்கில் 3ஆம் வாதியாகிய நான் இனி வேறு வழக்கறிஞரை நியமித்துக்கொள்ள விரும்புகிறேன். இதுவரை செய்த பணிக்கு நன்றி. புதிய வக்காலத்தில் ஆட்சேபணையின்மைக் கையெழுத்து அளித்து, என் ஆவணங்களையும் வழக்குக் கட்டின் நகலையும் கட்டணக் கணக்கையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய வக்காலத்து பதிவாகும்வரை அடுத்த வாய்தாவைக் கவனித்துக்கொள்ள வேண்டுகிறேன்."

குற்றச்சாட்டு எதையும் இதில் எழுத வேண்டாம். தபாலில் ஒப்புகையோடு அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களைத் திருப்பித் தராதது, பணத்தைக் கையாடியது போன்ற பெருந்தவறு நடந்திருந்தால், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் செய்ய 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் வழி தருகிறது. வழக்கில் தோற்றது மட்டும் புகாருக்குக் காரணமாகாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள்

வளைகுடாவிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஊரில் ஒருவருக்குப் பவர் கொடுத்திருப்பார்கள். அந்தப் பவர் முகவரே வக்காலத்தில் கையெழுத்திட்டிருப்பார். முகவர் மீது நம்பிக்கை குறைந்து வக்கீலை மாற்ற நினைத்தால், வக்கீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. பவரை எழுத்து மூலம் ரத்து செய்து, அது பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் ரத்தையும் பதிவு செய்து, முகவருக்கும் வக்கீலுக்கும் நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய முகவர் மீண்டும் ஒரு வக்காலத்துப் போடக்கூடும்.

புதிய பவரை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிட்டு அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். "சமரசம் செய்யலாம்", "விற்கலாம்" என்ற அதிகாரங்கள் தேவையா என்று யோசித்து எழுதுங்கள். வழக்கை நடத்த மட்டும் பவர் என்றால் அதை மட்டும் எழுதினால் போதும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள்

"தனி வக்கீல் வைக்க எனக்கு ஏது காசு?" என்று ஒதுங்கிவிடும் சகோதரிகள் இதை அவசியம் அறிய வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இருக்கின்றன. விண்ணப்பம் கொடுத்தால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். 15100 என்ற உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம். அப்படி நியமிக்கப்பட்டவரிடம் திருப்தி இல்லையென்றால், காரணத்தை எழுதிக் கொடுத்து வேறொருவரைக் கேட்கலாம்.

சமரசத்தில் கையெழுத்திடும் முன்

சமரசமே சிறந்தது. ஜமாஅத்தில் பேசி ஒத்துக்கொண்டாலும், வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சமரசத்தை நீதிமன்றத்திலோ மக்கள் நீதிமன்றத்திலோ பதிவு செய்து தீர்ப்பாணை பெறுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. ஆகவே கையெழுத்துக்கு முன், உங்கள் பங்கு எவ்வளவு, சமரசத்தில் எவ்வளவு வருகிறது, குறைந்தால் எதற்காகக் குறைகிறது என்பதை உங்கள் வக்கீல் உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். வாரிசுகளில் சிறுவர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர் சார்பில் சமரசம் செய்ய முடியாது.

மனமுவந்து ஒரு சகோதரி தன் பங்கை விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய ஈகை. தெரியாமல் கையெழுத்திட்டதால் போனால் அது பறிக்கப்பட்ட ஹக்கு. இந்த வேறுபாட்டை அவளுக்கு எடுத்துச் சொல்ல அவளுக்கென்று ஒரு வக்கீல் வேண்டியிருந்தால், அதை வீட்டார் யாரும் தடுக்க வேண்டாம். தவறாகவும் எண்ண வேண்டாம்.

வழக்கு எண்ணும் அடுத்த வாய்தாத் தேதியும் எழுதிக்கொண்டு, இருக்கும் ஆவண நகல்களோடு நம் அலுவலகம் வரும் வாரிசுகளுக்கு, பங்குக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கவும் சட்ட உதவி விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கவும் இயன்றதைச் செய்கிறோம். எந்தத் தரப்புக்காகவும் நாம் பரிந்து பேசுவதில்லை.

உரியவரின் ஹக்கை உரியவரிடம் சேர்ப்பதில் நம் அனைவருக்கும் அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்